ஒரு திருமுழுக்கு ஆயத்த வகுப்பும் நாற்பத்து மூன்று பிழைகளும்

ஞானஸ்நானம் என்கிற திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பு ஒன்றில் சேர்ந்து முடித்தேன். அதற்கு என் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. சாட்சி மாலை என்று ஒன்று நடத்தினார்கள், அதற்காக ஒன்று குறைத்தேன். ஈஸ்டர் முடிந்ததும் எங்களை அப்படியே விட்டுவிட்டார்கள், அதற்காக அரை. மீதியை மனமாரக் கொடுக்கிறேன். ஆலயத்தின் பெயரைக் கேட்காதீர்கள்; குறையும் சொல்லப்போவதால் எழுதவில்லை.

நான் யார் என்று தெரிந்தால்தான் இந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பது உங்களுக்குப் புரியும். முப்பத்தொரு ஆண்டுகள் அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான், அதாவது அச்சேறும் முன் பிழை திருத்துகிறவள். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் பலரோடு சண்டை போட்டிருக்கிறேன். கடவுள் இல்லை என்று உறுதியாகச் சொன்ன அப்பாவின் வீட்டில் வளர்ந்தேன். எதையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரே வேதம்.

ஓய்வு பெறும் ஆண்டில் நான்கு நற்செய்திகளின் மறுபதிப்பு ஒன்று மெய்ப்புக்கு வந்தது. மெய்ப்புப் படிப்பது சாதாரணப் படிப்பு அன்று. ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டு, பொருளில் மயங்காமல் போகவேண்டும். மயங்கினால் பிழை தப்பிவிடும். அப்படித்தான் மத்தேயுவைக் கடந்தேன். மாற்கு பதினாறாம் அதிகாரத்தில் எட்டாவது வசனம் வந்தது. கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனெனில் பயந்திருந்தார்கள். அதோடு ஒரு கோடு. அடுத்து வந்த வசனங்கள் அடைப்புக்குறிக்குள் இருந்தன. நடையும் வேறாக இருந்தது. அச்சகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது" என்றேன். பதிப்பாசிரியர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "அம்மா, நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டும் அங்கேதான் முடிகின்றன. நான்காம் நூற்றாண்டுப் பிரதிகள். அடைப்புக்குறி அதற்காகத்தான்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிவிட்ட கதை என்றால் இப்படியா முடிப்பார்கள்? முக்கியமான சாட்சிகள் மூன்று பெண்கள். அவர்களும் வாயைத் திறக்காமல் ஓடிவிட்டார்கள் என்று எந்த விளம்பரதாரன் எழுதுவான்? இது நிரூபணம் ஆகாது, எனக்கும் தெரியும். அப்பா இருந்திருந்தால் இந்த வாதத்தை அரை நிமிடத்தில் கிழித்திருப்பார். ஆனாலும் காணாமல்போன அந்தப் பக்கத்தை நான் தேடத் தொடங்கிவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஆயத்த வகுப்பு பற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

வகுப்பு வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், ஒன்பது மாதங்கள். ஆறு பேர் சேர்ந்தோம். ஒருவர் குழந்தையிலேயே வேறொரு கிறிஸ்தவ சபையில் திருமுழுக்குப் பெற்றவர். அவருக்கு மறுபடி தண்ணீர் ஊற்றமாட்டார்கள், நம்பிக்கை அறிக்கை செய்தால் போதும் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொன்னார்கள். மறைக்கல்வி ஆசிரியை எழுபது வயதைத் தாண்டியவர். கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "தெரியாது" என்பார். அடுத்த வாரம் விடையோடு வருவார், அல்லது "இன்னும் தெரியவில்லை" என்பார். மூன்றரை மதிப்பெண்ணில் இரண்டு இவருக்கு மட்டுமே சேரும்.

வகுப்பில் கொடுத்த தாள்களைப் பற்றி என்ன சொல்ல? நகலின் நகலின் நகல். முதல் தாளின் தலைப்பிலேயே 'திருமுழக்கு' என்று அச்சாகியிருந்தது. இடி முழக்கம் போல ஏதோ நடக்கப்போகிறது என்று புதிதாக வருகிறவர் நினைக்கலாம். சிவப்புப் பேனாவை எடுத்த என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரத்தில் நான் ஒரு சண்டையைத் தொடங்கினேன். திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர் ஒருவர் தேரில் போய்க்கொண்டே எசாயா இறைவாக்கினரின் நூலை வாய்விட்டுப் படிக்கிறார். அது காதில் விழுந்துதான் பிலிப்பு ஓடிவருகிறார். (வாய்விட்டுப் படிப்பதன் பலனைப் பாருங்கள்.) வழியில் தண்ணீரைக் கண்டதும் இறங்கித் திருமுழுக்குப் பெற்று, மகிழ்ச்சியோடு தம் வழியே போய்விடுகிறார். பதினாறாம் அதிகாரத்துச் சிறைக்காவலருக்கோ ஓர் இரவே போதுமானதாக இருந்தது. பெந்தக்கோஸ்து நாளில் ஏறத்தாழ மூவாயிரம் பேர். "அவர்களுக்கு ஒரு பொழுது, எனக்கு மட்டும் ஒன்பது மாதங்களா?" என்று கேட்டேன்.

ஆசிரியை சிரித்தார். "ஒன்பது மாதம் குறைவு. தொடக்கத் திருச்சபையில் மூன்று ஆண்டுகள்" என்றார். அடுத்த வாரம் ஒரு பழைய ஒழுங்குநூலின் பகுதியைக் கொண்டுவந்தார். மூன்றாம் நூற்றாண்டு உரோமையைச் சேர்ந்தது என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருவது. புதிதாக வருகிறவர்கள் மூன்று ஆண்டுகள் இறைவார்த்தையைக் கேட்கவேண்டும், ஆனால் ஒருவர் ஆர்வமும் விடாமுயற்சியும் உள்ளவரானால் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கவேண்டும் என்கிறது அது. கைவிடவேண்டிய தொழில்களின் பட்டியலும் அதில் உண்டு. வாள்வீரர் விளையாட்டில் சண்டையிடுகிறவர், சிலை செய்கிறவர், தேர்ப்பந்தய ஓட்டுநர், நாடக நடிகர் எல்லாரும் தொழிலை விடவேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் நிறுத்திவிட்டால் நல்லது, வேறு பிழைப்பு இல்லையென்றால் தொடரலாமாம். அந்தச் சலுகையைப் படித்ததும் அந்த நூலை எழுதியவர் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது. மெய்ப்புப் பார்ப்பவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தைத் திருமுழுக்கே வழக்கமானபோது இந்த நீண்ட பாதை மறைந்துபோனது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாடு பற்றிய தன் ஏட்டில் வயதுவந்தோருக்கு அதை மீண்டும் கொண்டுவரச் சொன்னது. சடங்குமுறை 1972இல் வெளிவந்தது. ஆக நான் சேர்ந்த வகுப்புக்கு வயது ஆயிரத்தெழுநூறுக்கும் மேல் என்றும் சொல்லலாம், என்னைவிட இளையது என்றும் சொல்லலாம்.

ஐந்தாவது மாதம் ஆறு பேர் ஐந்து பேரானோம். ஓர் இளைஞன், தான் மணக்கவிருந்த பெண்ணுக்காக வந்துகொண்டிருந்தவன், ஒருநாள் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டான். ஆசிரியை முகம் சுளிக்கவில்லை. "கல்யாணத்துக்குத் திருமுழுக்கு கட்டாயம் இல்லை, தம்பி. நம்பிக்கை வேறானவர்களும் உரிய அனுமதியோடு ஆலயத்தில் மணம் முடிக்கலாம். பங்குத்தந்தையிடம் நானே அழைத்துப்போகிறேன்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை. அவன் பெயரைச் சொல்லி யாரும் வருத்தப்படவும் இல்லை, ஏசவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் தரத்தை, வாங்காமல் திரும்பிப்போகிற வாடிக்கையாளரிடம் அது நடந்துகொள்ளும் விதத்தில் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

ஒரு விஷயம் தொடக்கத்தில் என்னைப் புண்படுத்தியது. ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் எங்களை எழுந்து வெளியே போகச் சொல்வார்கள். நற்கருணைப் பகுதி திருமுழுக்குப் பெற்றவர்களுக்கானது. ஆலயம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து அறைக்கு வரிசையாக நடந்துபோகவேண்டும். அறுபது வயதில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவி போல உணர்ந்தேன். ஆனால் அந்த அறையில் அன்றைய நற்செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடங்கள் பேசினோம். உள்ளே என்ன நடக்கிறது என்பது சுவர் வழியாக மங்கலாகக் கேட்கும். சில வாரங்களில் எனக்குப் பசி வந்துவிட்டது. வேறு சொல் தெரியவில்லை. முதல் நாளே உள்ளே உட்காரவைத்திருந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

இனி அந்தச் சாட்சி மாலை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்குச் சற்று முன்பு, வேறொரு குழுவைச் சேர்ந்த உற்சாகமான இளம் தொண்டர் ஒருவர் வந்தார். நாங்கள் எப்படி நம்பிக்கைக்கு வந்தோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதவேண்டும்: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, பின்பு எப்படி இருக்கிறேன். மாதிரிக்குப் பவுலின் கதையைச் சொன்னார்: கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய சவுல், தமஸ்கு போகும் சாலையில் ஒளியைக் கண்டு விழுந்து மனம் மாறிய கதை. நான் எழுதியது நான்கு வரி. மாற்குவில் ஒரு பக்கம் காணவில்லை என்று நினைத்ததையும், இன்னும் தேடிக்கொண்டிருப்பதையும் எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: "திருப்புமுனை எங்கே?"

பிறர் தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதியே வாழ்ந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

வீட்டுக்கு வந்து பவுலைப் பிடித்துக்கொண்டேன், மெய்ப்புப் பார்ப்பதுபோல. தமஸ்குச் சாலைக் கதை திருத்தூதர் பணிகளில் மூன்று முறை வருகிறது: 9, 22, 26ஆம் அதிகாரங்களில். மூன்றும் ஒத்துப்போகவில்லை. முதல் முறை, உடன் சென்றவர்கள் குரலைக் கேட்டார்கள், ஆளைக் காணவில்லை. இரண்டாம் முறை, ஒளியைக் கண்டார்கள், பேசியவரின் குரலைக் கேட்கவில்லை. ஓவியர்கள் வரைந்து வரைந்து நம் மனத்தில் பதித்துவிட்ட குதிரை மூன்றிலும் இல்லை. சவுல் அங்கேயே பவுலாகப் பெயர் மாறினார் என்பதும் இல்லை. அந்தப் பெயர் 13ஆம் அதிகாரத்தில், சைப்பிரசில், போகிற போக்கில் வருகிறது. பவுல் தம் கைப்பட எழுதியதில், கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தில், ஒளியும் இல்லை, விழுதலும் இல்லை. கடவுள் தம் மகனை எனக்கு வெளிப்படுத்தினார் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அரேபியாவுக்குப் போனேன், தமஸ்குவுக்குத் திரும்பினேன், மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் எருசலேம் போனேன் என்கிறார். மின்னலுக்கு ஒரு வரி, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு வரி. அந்த மூன்று ஆண்டுகளை எந்த ஓவியரும் வரையவில்லை.

மற்றவர்களையும் தேடினேன். பின்னாளில் பெரிய இறையியலாளரான அகுஸ்தினாருக்கு மிலான் தோட்டத்தில் 'எடுத்துப் படி' என்ற குரல் கேட்டது 386இல். ஆனால் அவர் குழந்தையாக இருந்தபோதே சிலுவை அடையாளம் இட்டு ஆயத்தநிலையில் சேர்க்கப்பட்டவர். தண்ணீர் தலையில் விழுந்தது அடுத்த ஆண்டு பாஸ்கா (ஈஸ்டர்) இரவில், தம் முப்பத்து இரண்டாம் வயதில். அந்தத் தண்ணீரை ஊற்றிய அம்புரோஸ், 374இல் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் தாமே திருமுழுக்குப் பெறாதவர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்குக் கடிகார நேரமே உண்டு: 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால்மணி இருக்கும்போது, இதயம் விந்தையாகக் கதகதத்தது. அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் குருவாகிவிட்டார். அதைவிட எனக்குப் பிடித்தது, அடுத்த சனவரியில் அதே மனிதர் தம் நாட்குறிப்பில் 'நான் இப்போது கிறிஸ்தவன் அல்லன்' என்று எழுதியிருப்பது. சமூகச் சீர்திருத்தவாதி பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்றார். கிறிஸ்தவ மதத்தைக் கண்டுகொண்டேன், கிறிஸ்துவைக் கண்டுகொள்ள மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின என்ற பொருளில் பின்னாளில் தம் வாழ்க்கையைச் சொன்னவர் அவர். இவர்களில் யாருடைய தாள் அந்தத் தொண்டரிடம் தப்பியிருக்கும்?

சாதுவான பிள்ளை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இந்த முன்–பின் அச்சுக்குள் எல்லாரையும் ஊற்றுவது தீங்கு செய்யும். என்னோடு இருந்த ஒரு பெண், எழுதுவதற்கு ஒன்றும் இல்லையே என்று, இல்லாத ஒரு கனவை எழுதிக்கொடுத்தார். பிறகு அதை ஆலயத்தில் எல்லார்முன்னும் படிக்கச் சொன்னார்கள். நம்பிக்கையின் வாசலிலேயே ஒருவரைப் பொய் சொல்லவைத்த வகுப்புக்கு ஒரு மதிப்பெண் குறைப்பது பெரிய தண்டனை ஆகாது.

எனக்கு நடந்தது வேறு இடத்தில், வேறு விதமாக. தவக்காலத்தில் நம்பிக்கை அறிக்கையை எங்களிடம் 'ஒப்படைத்தார்கள்'. பழைய நாளில் அதைத் தாளில் எழுதித் தரமாட்டார்கள். காதால் வாங்கி, நெஞ்சில் எழுதி, திருப்பி ஒப்புவிக்கவேண்டும். ஆசிரியையும் அப்படியே செய்தார். அவர் சொல்ல நாங்கள் கேட்டோம். தாள் இல்லாத ஒரு வாசகம்! திருத்துவதற்கு எனக்கு ஓரமே இல்லை.

நடக்கும்போதும், பாத்திரம் துலக்கும்போதும் சொல்லிப் பழகினேன். 'விண்ணகத்தையும் மண்ணகத்தையும் படைத்த எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறேன்.' தமிழின் குறும்பைக் கவனியுங்கள்: வினை கடைசியில்தான் வருகிறது. விண்ணகம், மண்ணகம், தந்தை, கடவுள் எல்லாவற்றையும் வாயால் கடந்த பிறகே 'நம்புகிறேன்' வந்து நிற்கிறது. அதுவரை நீங்கள் எதற்கும் கட்டுப்படவில்லை. கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். நான் அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். வரிகளை ஒப்புவிப்பேன், அந்த 'ஏன்' விகுதி வரும் இடத்தில் தொண்டையைச் செருமிக்கொள்வேன். தன்மை ஒருமை விகுதி. என்னைத் தவிர வேறு யாரும் எனக்காகச் சொல்லமுடியாத எழுத்து.

நடுவில் பிலாத்து வருகிறார். ஒரு சமயத்தின் மூல வாசகத்தில் ஓர் உரோமை ஆளுநரின் பெயர் எதற்கு? தேதி முத்திரைபோல. அவர் பெயர் வெட்டிய கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது என்று ஆசிரியை சொன்னபோது எனக்குள் இருந்த மெய்ப்புக்காரி தலையசைத்தாள். அதுவும் நிரூபணம் ஆகாது. ஒரு பெயரின் எழுத்துக்கூட்டு சரிபார்க்கப்பட்டது, அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை மாடிப்படியில் துணிக்கூடையோடு ஏறிக்கொண்டிருந்தேன். பாதி ஏறியதும், கடைசி வரியை முடித்துவிட்டேன் என்பதும் எங்கேயும் செருமவில்லை என்பதும் உறைத்தது. எந்தப் படியில் சொன்னேன் என்று தெரியவில்லை. இறங்கிப்போய் மறுபடி ஏறிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. தேதியையும் குறித்துக்கொள்ளவில்லை. திங்களோ செவ்வாயோ.

அக்காவிடம் சொன்னேன். "அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்றாள். "இரண்டு முறை படித்தாயா என்று கேட்டிருப்பார்" என்றேன். "படித்தாயா?" என்றாள். மூன்று வாரம் அவள் பேசவில்லை. பிறகு, சடங்குக்கு வரமாட்டேன் என்று சொல்வதற்காக மட்டும் அழைத்தாள். அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

தவக்காலத்தின் மூன்று ஞாயிறுகளில் நடந்த ஆய்வுச் சடங்குகளைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். பெயர் மிரட்டினாலும் யாரும் எதையும் விசாரிப்பதில்லை. சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர் என யோவானின் மூன்று நீண்ட பகுதிகள் வாசிக்கப்படும்; நாங்கள் முழந்தாளிட்டிருக்க மற்றவர்கள் எங்களுக்காக மன்றாடுவார்கள். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேமுக்குப் பயணம்போன எகேரியா என்ற பெண் எழுதியிருக்கிறார்: அங்கே பெயர் கொடுத்தவரின் அண்டை வீட்டாரை ஆயர் கூப்பிட்டு, இவர் பெற்றோரை மதிக்கிறவரா, குடிகாரரா, பொய் பேசுகிறவரா என்று கேட்பாராம். அந்தப் பகுதியை நல்லவேளையாக இப்போது விட்டுவிட்டார்கள். என் அண்டை வீட்டார் உண்மையே பேசுகிறவர்கள்.

பாஸ்கா இரவைப் பற்றிச் சரியாக மதிப்பிட எனக்குத் தகுதியில்லை. காரணம் எளிது: தண்ணீருக்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். என் ஞானத்தாய், என்னைவிட இருபத்தைந்து வயது இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள், கண்ணாடியைத் தன் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள். அதன்பிறகு எல்லாம் மங்கல். இருட்டு, பாஸ்கா திரி, அதிலிருந்து பற்றிப் பற்றிப் பரவிய சின்னச் சுடர்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வட்டம். மூன்று முறை தண்ணீர், நான் நினைத்ததைவிடக் குளிர்ச்சி. பிறகு கிறிஸ்மா எண்ணெயின் மணம். இரண்டு நாள் தலைமுடியில் இருந்தது. முப்பத்தொரு ஆண்டு அனுபவத்தில் எழுத்தே தெரியாமல் நான் ஒப்புதல் கொடுத்தது அது ஒன்றுக்குத்தான்.

அரை மதிப்பெண்ணை எங்கே இழந்தார்கள் என்று சொல்லவேண்டும். ஈஸ்டரிலிருந்து பெந்தக்கோஸ்து வரை ஐம்பது நாட்கள் விளக்க வகுப்புகள் தொடரவேண்டும் என்பதே முறை. பழைய எருசலேமில் திருமுழுக்கு, நற்கருணை இவற்றின் பொருளையே ஈஸ்டர் வாரத்தில்தான் விளக்கினார்கள். அனுபவித்துவிட்டு வா, பிறகு சொல்கிறேன் என்பதுபோல. இங்கே இரண்டே கூட்டங்கள். ஒன்றில் குழுப் புகைப்படம் எடுத்தார்கள், இன்னொன்றில் எந்தப் பக்தசபையில் சேர விருப்பம் என்று படிவம் கொடுத்தார்கள். ஒன்பது மாதம் கையைப் பிடித்து நடத்தியவர்கள் வாசலைத் தாண்டியதும் கையை விட்டுவிட்டார்கள். எங்கள் ஐவரில் ஒருவர் சூன் மாதத்துக்குள் ஞாயிறுகளில் காணாமல்போனார். கனவு எழுதிக்கொடுத்த பெண்மணிதான். நான் இரண்டு முறை அழைத்துப் பேசினேன், மறுபடி அழைப்பேன்.

யாருக்குப் பொருந்தும்? அவசரம் இருப்பவர்களுக்கு உதவாது. முடிவெடுத்துவிட்டு முத்திரைக்காக வருகிறவர்கள் எரிச்சலடைவார்கள். நிறையக் கேள்விகளோடு, வெளியே போகும் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்காருகிற என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் நல்லது. அந்தக் கதவைக் கடைசிவரை யாரும் பூட்டவில்லை. சாட்சி மாலையன்று மட்டும் உடல்நலம் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த குழு விரைவில் தொடங்குகிறது. போன வாரம் ஆசிரியை வீட்டுக்கு வந்து, தயங்கித் தயங்கி, தாள்களையெல்லாம் புதிதாக அச்சடிக்கப்போகிறோம், ஒருமுறை பார்த்துத்தர முடியுமா என்று கேட்டார். கட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் பதினொரு பக்கங்களில் நாற்பத்து மூன்று பிழைகள். திருமுழக்கு மட்டும் ஆறு இடங்களில்.